திங்கட்கிழமைச் சங்கு

இடி இடித்தால் எல்லா உயிர்களும் ஒதுங்க இடம் தேடும். ராஜபாளையத்துக்குக் கிழக்கே, பேண்டேஜ் துணி வெளுக்கும் பட்டறைகளில் மட்டும், இடி இடித்தால் மனிதர்கள் கூரையை விட்டுத் திறந்தவெளிக்கு ஓடுவார்கள். காரணம் எளியது. வெளுத்த துணி களத்தில் காய்கிறது. காயும் துணியில் மழை விழுந்து புழுதி ஒட்டினால், அதை மறுபடியும் வேகவைத்து, மறுபடியும் வெளுத்து, மறுபடியும் அலச வேண்டும். காயத்தின்மேல் கட்டப்படும் துணி அது. அதில் ஒரு துகள் மண்ணும் இருத்தலாகாது. துணியில் மண் படக்கூடாது என்பதில் அத்தனை கண்டிப்பாக இருந்தவர்கள், அதை எடுக்க ஓடுகிறவர்களின் தலையில் என்ன விழும் என்பதை நெடுங்காலம் நினைத்துப் பார்க்கவே இல்லை. இதை மரியாதையான சொற்களில் எழுதுவது கடினமாக இருக்கிறது, ஆயினும் முயல்கிறேன்.

களம் நான்கு ஏக்கர். பத்தடி உயர இரும்புத் தூண்கள் வரிசை வரிசையாக நிற்கும். தூணுக்குத் தூண் கம்பி இழுத்துக் கட்டியிருக்கும். ஈரத் துணியைத் தோளில் சுமந்து வந்து, மூங்கில் கோலால் நுனியைத் தூக்கிக் கம்பியின்மேல் போட்டு, மறுபுறம் இழுத்து, சுருக்கம் நீக்கி விட வேண்டும். நண்பகலுக்குள் களம் முழுவதும் வெள்ளையாகிவிடும். அந்த வேலையைச் செய்கிற ஒன்பது பெண்களுக்கும் விரலிடுக்குகள் மருந்துநீரில் வெந்து வெளிறியிருக்கும். கருவாட்டுக் குழம்பு கொண்டுவந்த நாளில் கையால் பிசைய முடியாது, எரியும், கரண்டியால்தான் சாப்பிடுவார்கள். சுற்றிலும் பருத்தி விதைத்த கரிசல். ஒரு பனை கிடையாது. அந்தத் தூண்களைவிட உயரமான பொருள் கண்ணுக்கெட்டிய தொலைவுவரை வேறொன்றும் இல்லை.

சென்ற ஆண்டு ஐப்பசியில், வேலியோரம் மேய்ந்த இரண்டு ஆடுகள் மின்னல் தாக்கிச் செத்தன. ஆடுகள் செத்த பிறகுதான் அங்கே மனிதர்களுக்கும் ஆபத்து உண்டு என்பது பலருக்குப் புலப்பட்டது. ஆய்வாளர் ஒருவர் வந்தார். களத்தில் அபாயச் சங்கு ஒன்று பொருத்த வேண்டும், அறிவிப்புப் பலகை வைக்க வேண்டும் என்று எழுதிக்கொடுத்தார். போகும்போது பெண்களிடம் நின்று, இடி கேட்டால் கட்டடத்துக்குள்ளோ கதவடைத்த வண்டிக்குள்ளோ போய்விட வேண்டும் என்றும், கடைசி இடி கேட்டு அரைமணி நேரம் கழியும்வரை வெளியே வரலாகாது என்றும் வாய்மொழியாகச் சொன்னார். எழுதிக்கொடுத்ததை நிருவாகம் நினைவில் வைத்தது. சொன்னதைப் பெண்கள் நினைவில் வைத்தார்கள்.

ஆய்வாளர் எழுதியது ஐப்பசியில். சங்கு வந்தது இவ்வாண்டு ஆடிக் கடைசியில். பலகையும் வந்தது. அதன் முதல் ஐந்து வரிகளில் இரண்டு பிழைகள் இருந்தன, அவற்றை மன்னித்துவிடலாம். ஆறாவது வரியில் பிழை இல்லை; அதைத்தான் மன்னிக்க முடியாது. அதை மேலாளர் ராஜரத்தினம் தாமே எழுதிச் சேர்த்திருந்தார்: ‘சங்கு ஒலிக்கும் முன் களத்தை விட்டு வெளியேறுவோர், அன்று வேலைக்கு வராதவராகக் கருதப்படுவர்.’

சங்கைப் பொருத்தியவன் பட்டறையின் எலக்ட்ரீசியன் மாரீஸ்வரன். களத்துப் பெண்களுக்குத் தலைவியாக இருப்பவள் அவன் மனைவி பாண்டீஸ்வரி. இருவரும் தளவாய்புரத்திலிருந்து வருகிறவர்கள். ஒவ்வொரு திங்கட்கிழமையும் காலை பத்து மணிக்கு, வெயில் காய்ந்துகொண்டிருக்கையில், மாரீஸ்வரன் சுவிட்சை அமுக்குவான். சங்கு காது கிழிய ஒலிக்கும். ஒரு பதிவேட்டில் அவனும் மேலாளரும் கையொப்பமிடுவார்கள். அப்படிப் பதினொரு திங்கள்கிழமைகள் கழிந்திருந்தன. ஒருமுறையும் அது தவறியதில்லை.

பதினொன்றாவது திங்களுக்கு மறுநாள், தொலைவில் இடி கேட்டதும், மேலாளர் சங்கை ஒலிக்கச் சொல்வதற்கு முன்பே பாண்டீஸ்வரி பெண்களை அழைத்துக்கொண்டு கூரைக்கு வந்துவிட்டாள். மேலாளர் எல்லோர் முன்னிலையிலும் மாரீஸ்வரனைக் கேட்டார்: “உம் பொண்டாட்டியே உன் சங்க நம்பலன்னா, அத எதுக்குலே மாட்டி வச்சிருக்க?”

அந்தச் சொல் அவனைத் தைத்துவிட்டது. புதன்கிழமை காலை, அவள் தூக்குவாளியில் எலுமிச்சைச் சோற்றை அடைத்துக்கொண்டிருந்தபோது ஆரம்பித்தான்.

“இன்னைக்காவது சங்கு ஊதுற வரைக்கும் நில்லு, என்ன?”

“மானம் கறுத்தா எங்கண்ணுக்குத் தெரியாதா? அது ஊதித்தான் தெரியணுமா?”

“ஒங்கண்ணவிட மிசினு பெருசுட்டி. வாராவாரம் பாக்கதான? என்னைக்காச்சும் ஊதாம இருந்துச்சா?”

“ஊதுச்சு. வெயில்ல ஊதுச்சு.”

“எல்லாரு முன்னாலயும் எனக்குத் தலகுனிவா இருக்கு பாண்டி. எம்மேல சத்தியமாச் சொல்லு.”

அவள் வாளியை மூடி, மூடியின்மேல் ஒரு தட்டுத் தட்டினாள். “இதுக்கெல்லாமா சத்தியம் கேப்பாக? சரி. சங்கு ஊதாம வரல. போதுமா? போயி ஒங்க மிசினக் கட்டிக்கிட்டு அழுங்க.”

அன்று மதியம் மாரீஸ்வரன் பட்டறையில் இல்லை. புகைந்துபோன மோட்டார் ஒன்றைச் சுற்றக் கொடுத்திருந்ததால், அதை வாங்கிவர ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போயிருந்தான். மடவார்வளாகத்தில் சமுத்திரம் என்பவர் மோட்டார்களுக்குக் கம்பி சுற்றும் கடை வைத்திருக்கிறார். மூன்று மணி இருக்கும். டீ வந்தது. ஒரு வாய் குடிப்பதற்குள் கடையின் விளக்கும் மின்விசிறியும் நின்றன.

“மழையே இல்ல, அதுக்குள்ள புடுங்கிட்டான்” என்றான் மாரீஸ்வரன்.

“இங்க மழ இல்லன்னா என்ன? தெக்க பாரு.” சமுத்திரம் அழுக்குத் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். “ஒங்க ராசபாளையத்துப் பக்கம் எப்புடிக் கறுத்துக் கெடக்குன்னு. மலையே தெரியல. அங்க எங்கயோ இடி விழுந்து லைன் போயிருக்கும். அங்க போனதுலதான் இங்கயும் போச்சு.”

“அங்கயும் கரண்டு இருக்காதோ?”

“அங்க இல்லாமத்தாம்ல இங்க இல்லங்கேன். நல்லா எலக்ட்ரீசியன் நீ!”

மாரீஸ்வரன் டீக் கிளாசைக் கீழே வைக்கவில்லை. அது அவன் கையிலிருந்து நழுவி விழுந்தது. சங்குக்கு அவன் அலுவலக மீட்டரிலிருந்துதான் மின்சாரம் எடுத்திருந்தான். ஜெனரேட்டர் இணைப்பு பாய்லருக்கு மட்டுமே. சங்குக்குப் பேட்டரி இல்லை. பதினொரு திங்கள்கிழமைகள் அது ஒலித்ததைப் பார்த்த பெருமையில், மின்னல் வருகிற நாளில் மின்சாரம் இருக்குமா என்ற கேள்வி அவனுக்கு எழவே இல்லை; மேலாளருக்கும் எழவில்லை; பதிவேட்டைப் பார்த்துத் தலையசைத்த எவருக்கும் எழவில்லை. முதல் இடியிலேயே மின்சாரம் போகிற ஊரில், இடியை அறிவிக்க மின்சாரத்தில் ஒலிக்கும் சங்கு! அதன் சத்தம் வரட்டும் என்று ஒன்பது பெண்கள் இரும்புக் கம்பிகளுக்கு நடுவே நின்றுகொண்டிருப்பார்கள். அவர்களுள் ஒருத்தியிடம் அவன் சத்தியமும் வாங்கியிருந்தான்.

பாண்டீஸ்வரியின் எண்ணை அழைத்தான். மணி அடித்தது, கூரைக்கு அடியில், சுவரில் மாட்டிய பையில் அது அடித்துக்கொண்டிருக்கும் என்பது அவனுக்குத் தெரியும். மேலாளரை அழைத்தான். கைப்பேசி அணைக்கப்பட்டிருந்தது. இடி நேரத்தில் கைப்பேசி மின்னலை இழுக்கும் என்று நம்பி, ராஜரத்தினம் எப்போதும் அதை அணைத்துவிடுவார். தம் சட்டைப்பையைக் காப்பாற்றிக்கொள்ள அறிந்தவர் அவர்.

“மோட்டாரு?” என்று சமுத்திரம் கேட்டபோது பைக் தெருமுனையைத் தாண்டியிருந்தது.

நெடுஞ்சாலையில் பாதி வழிவரை மழை இல்லை; மண்வாசனையும் குளிர்ந்த எதிர்காற்றும் மட்டும் வந்தன. பிறகு மழை பக்கவாட்டில் அடித்தது. இடிக்கு நடுவே திறந்த சாலையில் பைக் ஓட்டுவது, எந்தப் பாதுகாப்பு விதியும் அனுமதிக்காத செயல். மாரீஸ்வரன் அன்று ஒன்றையும் பின்பற்றவில்லை. ராஜபாளையத்துக்குள் சிக்னல் விளக்குகள் அவிந்திருந்தன. கடைகளின் கூரைக்கு அடியில் சனம் நெருக்கியடித்து நின்றது. பஞ்சு மார்க்கெட் அருகே, ஒதுங்கி நின்ற ஆட்டோக்காரர் ஒருவர், “ஏலே, சாவுறதுக்கு இம்புட்டு அவசரமா?” என்று கத்தினார். அதற்குப் பிறகு ஐந்து கிலோமீட்டர் கரிசல் சாலை. ஒவ்வொரு மின்னலுக்கும், இடி வரும்வரை அவன் எண்ணினான். ஒன்று, இரண்டு என்பதற்குள் இடித்தது. எண்ணுவதை விட்டுவிட்டான்.

பட்டறை வாசலில், பெண்களை அழைத்துவரும் வேன் நின்றது. கண்ணாடிகள் ஏற்றப்பட்டு ஆவி படிந்திருந்தன. அவன் அதைத் திரும்பியும் பார்க்காமல், பைக்கைப் போட்டுவிட்டுக் களத்துக்குள் ஓடினான்.

மேற்கு வரிசையில் ஒரு தூண் நடுவில் கருகி, வளைந்து கிடந்தது. அதன் கம்பிகள் அறுந்து சுருண்டிருந்தன. அந்த வரிசைத் துணி முழுவதும் சேற்றில் விழுந்திருந்தது. ஒரு தூணின் அடியில், துணி ஆள்நீளத்துக்குக் குவிந்து, ஒருபக்கம் உயர்ந்து, மனிதர் ஒருவர் போர்த்திப் படுத்ததைப் போலக் கிடந்தது. மாரீஸ்வரன் அதன்மேல் விழுந்தான். இரண்டு கைகளாலும் துணியை இழுத்தான். நனைந்த துணி இழுக்க இழுக்க வந்தது. “பாண்டி! ஏட்டி பாண்டி!” என்று அவன் கத்தியது மழையில் அவனுக்கே கேட்கவில்லை. மேலே வானம் ஒருமுறை வெளுத்தது.

அப்போது ஹாரன் சத்தம் கேட்டது. விட்டு விட்டு அல்ல. கையை எடுக்காமல் அடித்த ஒரே நீண்ட சத்தம். திரும்பினான். வேனின் முன்கண்ணாடியை உள்ளிருந்து யாரோ சேலைத் தலைப்பால் துடைத்தார்கள். அந்த வட்டத்துக்குள் பாண்டீஸ்வரியின் முகம் இருந்தது. கையை ஆட்டி ஆட்டி அவள் அவனை அழைத்துக்கொண்டிருந்தாள். பயத்தில் அல்ல, கோபத்தில்.

வேன் கதவு திறந்து, அவனை உள்ளே இழுத்து, மீண்டும் மூடிக்கொண்டது. ஒன்பது பெண்களும் ஓட்டுநர் குருசாமியும் இருந்தார்கள். ஈரச் சேலையும் எலுமிச்சைச் சோறும் மணத்தன. யாருக்கும் ஒரு கீறல் இல்லை.

“கிறுக்கா புடிச்சிருக்கு ஒங்களுக்கு?” என்றாள் பாண்டீஸ்வரி. “இடி இப்புடி எறங்குது, இரும்புக்கு நடுவுல நின்னு துணியக் கிண்டிக்கிட்டு இருக்கீக! வெளிய வாங்க வெளிய வாங்கன்னு எம்புட்டு நேரமாக் கத்துதேன்!”

மாரீஸ்வரன் அவள் தோளைத் தொட்டான், முழங்கையைத் தொட்டான், கைவிரல்களைத் தொட்டான். பிறகு சீட்டில் சரிந்து உட்கார்ந்தான்.

“அதுக்குள்ள உம் பொண்டாட்டி செத்துட்டான்னு முடிவே பண்ணிட்டியால மாப்ள?” என்றாள் பெத்தம்மாள். அந்தப் பெண்களுள் மூத்தவள் அவள். வெற்றிலைப் பையை மழையிலும் விடாமல் கொண்டுவந்திருந்தாள். “துணிக்குள்ள அவளத் தேடுதான் பாரு. அவ என்ன பிஞ்ச முந்தானையா?”

எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த இடியில் எல்லோரும் காதைப் பொத்தினார்கள்.

“கம்பியத் தொடாத, நடுவுல உக்காரு” என்று பாண்டீஸ்வரி யாரையோ அதட்டினாள். “சிவரஞ்சனி, மணி பாத்துக்க. இந்த இடியில இருந்து மறுபடி அரமணி.”

“மறுபடியும் மொதல்ல இருந்தாக்கா?” என்று சிவரஞ்சனி சலித்துக்கொண்டு, மணிக்கட்டில் இருந்த கடிகாரத்தைத் துடைத்துப் பார்த்தாள்.

மாரீஸ்வரன் அவள் பக்கம் திரும்பினான். “சங்கு ஊதல... கரண்டு இல்ல... நீ நின்னுக்கிட்டு இருப்பன்னு...”

“எதுக்கு நிக்கணும்?”

“சத்தியம் பண்ணியேட்டி.”

“பண்ணுனேன். ஊதுற சங்குக்குப் பண்ணுனேன். ஊதவே முடியாததுக்கு நான் எதுக்குக் காத்துக் கெடக்கணும்?” அவள் ஈரத் தலையை முடிந்துகொண்டே சொன்னாள். “மேக்க மொத இடி இடிச்சது. அடுத்தாப்புல போர்வெல் மோட்டாரு சத்தம் நின்னுச்சு. காலையில இருந்து காதுல அறுத்துக்கிட்டுக் கெடந்த சத்தம், பட்டுன்னு நின்னா தெரியாதா? கரண்டு போயிருச்சு, சங்கு இனிம எங்க ஊதப்போவுது, வாங்கட்டின்னேன். அம்புட்டுத்தான். இதுக்குப் பெரிய படிப்பு வேணுமாக்கும்.”

இரண்டரை மாதமாக, பெரிய படிப்புப் படித்தவர்களும், பட்டயம் வாங்கியவர்களும், பதிவேட்டில் கையொப்பமிட்டவர்களும் காணாததை, துணி உலர்த்தும் ஒருத்தி ஒரு மோட்டாரின் அமைதியிலிருந்து கண்டுகொண்டாள். இதை எந்தப் பதிவேட்டில் எழுதுவார்கள்?

“மேனேசர் விட்டாராக்கும்?” என்றான் மாரீஸ்வரன்.

“அத ஏன் கேக்க!” என்று பெத்தம்மாள் ஆரம்பித்தாள். “அவிய ஆபீஸ் வாசல்ல நிக்காக. ஒரு அடி வெளிய வைக்கல. கையில கொட வேற. ‘இன்னும் சங்கு ஊதலம்மா, பாதித் துணி கம்பியில கெடக்கு, எங்க வாரீக?’ங்காக. இவ சொல்லுதா, ‘ஊதுங்க சார், ஊதுனதும் போறோம்.’ அவிய சுவிட்ச அமுக்குதாக, அமுக்குதாக, பொத்தானே உள்ள போயிரும் போல. அதுக்கு எங்க கேக்கும்!”

“‘சத்தம் வரலன்னாலும் நான் அமுக்குனதாக் கணக்கு, ஆனா நீங்க அதுக்கு முன்னாலயே வந்துட்டீக’ன்னாரு” என்றாள் சிவரஞ்சனி, மேலாளரின் குரலிலேயே.

“ஆப்சென்ட் போடுவேன்னாரு” என்றான் குருசாமி.

“இவ என்ன சொன்னா தெரியுமால?” பெத்தம்மாள் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டாள். “‘நாளைக்கு உசுரோட வந்து ஆப்சென்ட் வாங்கிக்கிடுதோம் சார்’னா.”

“ஆபீசுக்குள்ள போகலயா?”

“அவரு வாசல மறிச்சுல்லா நிக்காரு! துணி எடுக்காம யாரும் கூரைக்கு வரக்கூடாதாம். பொறவு இவதான், ‘அன்னைக்கு வந்த ஆபீசரு வண்டிக்குள்ள இருந்தாலும் போதும்னாரு, வேனுக்கு வாங்க’ன்னா. எனக்கு மனசே இல்ல. இரும்புக்குப் பயந்து இரும்புக்குள்ளயே போறதாக்கும்னேன். கழுத்தப் புடிச்சுத் தள்ளாத கொற.”

“எம் பாடுதான் பாடு” என்றான் குருசாமி. “நல்லாத் தூங்கிக்கிட்டு இருந்தேன் அண்ணாச்சி. ஒம்போது பேரு ஈரத்தோட மேல வந்து விழுதாக. சீட்டெல்லாம் போச்சு.”

“எல்லாரும் ஏறி, கதவச் சாத்தி, அஞ்சு நிமிசம் இருக்குமா?” என்று பாண்டீஸ்வரி சொன்னாள். அவள் குரல் அங்கே மட்டும் தாழ்ந்தது. “அஞ்சு நிமிசங்கூட இருக்காது. கண்ண மூடிக்கிட்டேன், மூடுன கண்ணுக்குள்ளயும் வெள்ளையாத் தெரிஞ்சது. பாத்தா, மேக்கு வரிசைத் தூணு... நானும் பெத்தம்மா சித்தியும் கோலு புடிச்சு நின்ன எடம் அது.”

மழை கூரையில் கொட்டியது. மாரீஸ்வரன் தன் இரண்டு உள்ளங்கைகளையும் பார்த்தான். அவை சேறாக இருந்தன.

“தப்பு எம்மேலதான்” என்றான். “சங்குக்கு ஒரு பேட்டரி போட்டிருந்தா...”

“பேட்டரி போடுங்க, வேண்டாங்கல” என்றாள் அவள். “ஆனா ஒண்ணு. இடிச்சா எங்களுக்குக் காது கேக்கும். கேட்டதும் நாங்க எறங்கிருவோம். ஒங்க சங்கு ஊதுனாலும் சரி, ஊதாட்டியும் சரி. பலகையில அந்தக் கடேசி வரிய அழிக்கச் சொல்லுங்க. இல்லன்னா களத்துக்கு ஒருத்தியும் வரமாட்டோம். என்ன சித்தி?”

“நான் எதுக்கு வாரேன்? எனக்கு வெத்தலக்காசு எம்மவன் குடுப்பான்” என்றாள் பெத்தம்மாள்.

“நானே அழிக்கேன்” என்றான் மாரீஸ்வரன். “ஏணி எங்கிட்டதான இருக்கு.”

மழை மெல்ல மெல்லத் தணிந்தது. இடி வடக்கே உருண்டு போயிற்று. கடைசியாகக் கேட்டபோது மணி நான்கு பத்து என்றாள் சிவரஞ்சனி. நாலரை மணிக்கு முன்பே மேற்கே மலையின் விளிம்பு நீலமாகத் தெளிந்து, களத்துச் சேற்றில் வெயில் விழுந்தது. ராஜரத்தினம் குடையை மடக்கிக்கொண்டு அலுவலக வாசலுக்கு வந்தார்.

“மழ விட்டாச்சு! எறங்கித் துணியப் பொறுக்குங்கம்மா! சேறு காஞ்சா போகாது!” ஒருவரும் அசையவில்லை. அவர் வேனை உற்றுப் பார்த்தார். “ஏலே மாரி, நீயும் உள்ளதான் இருக்கியா? எறங்கு! சுவிட்சு போர்டப் பாரு வா!”

பழக்கம் பொல்லாதது. மாரீஸ்வரனின் கை தானாகக் கதவுப் பிடிக்குப் போயிற்று. பாண்டீஸ்வரி அவன் சட்டைக் காலரைப் பின்னாலிருந்து பிடித்தாள்.

“உக்காருங்க.”

“இல்லட்டி, கூப்பிடுதாரு...”

“அவரு கூப்பிடுவாரு. அர மணி ஆவட்டும்.”

அவன் உட்கார்ந்தான். கண்ணாடியைச் சற்றே இறக்கி, “செத்த நேரம் ஆகும் சார்” என்றான். அந்தப் பட்டறையில் ஒன்பது ஆண்டுகளாக வேலை பார்த்தவன், மேலாளரிடம் சொன்ன முதல் மறுப்பு அதுதான்.

ராஜரத்தினம் வேனை நோக்கி ஓரடி எடுத்து வைத்தபோது, எங்கோ தொலைவில் மின்சாரம் சரிசெய்யப்பட்டது. போர்வெல் மோட்டார் உறுமிக்கொண்டு எழுந்தது. அலுவலக விளக்கு எரிந்தது. மேலாளர் அமுக்கி அமுக்கி, மறுபடி அணைக்காமல் விட்டுப்போயிருந்த சுவிட்சின் வழியே சங்குக்கும் மின்சாரம் பாய்ந்தது. தெளிந்த வானத்தின்கீழ், பளீரென்ற வெயிலில், அது ஊரைக் கூட்டுகிற சத்தத்தோடு அலறத் தொடங்கியது. ராஜரத்தினம் திடுக்கிட்டு, குடையை மறுபடியும் விரித்துக்கொண்டு, அலுவலகத்துக்குள் ஓடினார்.

வேனுக்குள் முதலில் சிரித்தவள் பெத்தம்மாள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். குருசாமி ஸ்டீயரிங்கின்மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தான். மாரீஸ்வரனும் சிரித்தான், சிரிக்கும்போதே கண்களைச் சேற்றுக் கையால் துடைத்து முகமெல்லாம் கரிசலாக்கிக்கொண்டான்.

“போயி நிப்பாட்டட்டுமா?” என்று அவன் மனைவியிடம் கேட்டான்.

பாண்டீஸ்வரி சிவரஞ்சனியின் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தாள்.

“ஊதட்டும்” என்றாள். “இன்னும் நாலு நிமிசம் இருக்கு.”